தம்பான் மீனும் அதன் முள்ளும்

மலேசியாவின் நிபோங் தெபால் பசாரில் (சந்தையில்) காலையில் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். பக்கத்துத் தட்டில், அதைவிடக் குறைந்த விலையில், வெள்ளித் தகடு மாதிரி தம்பான் குவிந்து கிடக்கும். ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் "ஒரே முள்ளு, யாரு உட்கார்ந்து பொறுக்குறது" என்பார்கள். முள் இருப்பது உண்மைதான். ஆனால் நெருக்கமாகக் கீறத் தெரிந்தாலும், குக்கரில் போதுமான நேரம் விடத் தெரிந்தாலும், அந்த முள் வாய்க்குத் தட்டுப்படாது. அதற்கெல்லாம் முந்தியது மீனின் புதுமை. பழைய தம்பானை எந்த மசாலாவும் காப்பாற்றாது.

சாளை, சூடை, மத்தி என்று ஊரில் சொல்லும் மீன்களும் நம் தம்பானும் ஒரே கூட்டம். வட அட்லாண்டிக்கிலும் பால்டிக் கடலிலும் பிடிக்கும் ஹெர்ரிங் மீனும் இவற்றுக்கு உறவுதான்; குளிர்க்கடல் மீனான அது கொஞ்சம் பெரிது. குடும்பக் குணம் எல்லாவற்றுக்கும் ஒன்று: எண்ணெய்ச் சதை, தொட்டாலே உதிரும் செதில், வயிற்றின் அடியில் ரம்பம் போன்ற முள்வரிசை, சதைக்குள் மயிரிழை மாதிரி சிறு முட்கள், சீக்கிரம் இளகிப்போகும் வயிறு. அதனால் ஃப்ரெஷ் ஹெர்ரிங் கிடைத்தாலும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும். அளவையும் நேரத்தையும் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது முதலில் வயிற்றைப் பாருங்கள். இரை தின்றுகொண்டிருந்தபோது பிடிபட்ட மீனின் வயிற்றில் செரிமான நீர் நிறைய இருக்கும். மீன் செத்தபிறகு அது உள்ளிருந்தே வயிற்றுச் சுவரைத் தின்ன ஆரம்பிக்கும். ஐஸ் போதாவிட்டால் சில மணி நேரத்திலேயே வயிறு கிழிந்து குடல் தெரியும். வயிறு கிழிந்த மீன் நான்கைந்துக்கு மேல் தட்டில் இருந்தால் அந்தத் தட்டையே விட்டுவிடுங்கள். கண் சிவந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், வலையில் நசுங்கினாலும் சிவக்கும். தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் விறைத்து நிற்க வேண்டும். செவுள் சிவப்பாக, கொழகொழப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். மேலே கிடப்பதை எடுக்க விடாமல், "அண்ணே, ஐஸுக்கு அடியில இருக்கிறதுலருந்து போடுங்க" என்று கேளுங்கள். நம் வெயிலுக்கு, மேலே கிடக்கும் மீன் ஒரு மணி நேரத்தில் எங்கேயோ போய்விடும். இது ருசிக்காக மட்டும் சொல்வதில்லை. தம்பான், கெம்போங், சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டபின் முகம் சிவப்பது, உடம்பு அரிப்பது, தலைவலிப்பது அதனால்தான். ஒருமுறை சேர்ந்த ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகு பட்டதுபோல நாக்கு சுரீரென்றால் உடனே துப்பிவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு கிலோவில் நடுத்தர அளவு மீன் ஏறக்குறைய 20லிருந்து 25 வரை வரும். தலை, குடல் போனபின் 600லிருந்து 650 கிராம் மிஞ்சும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்தக் கணக்குக்கு.

செதிலைத் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் வைத்து எடுங்கள். வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கட்டைவிரலால் தள்ளினாலே வந்துவிடும், கத்தி வேண்டியதில்லை. வெளியே வைத்துச் சுரண்டினால் சுவரெல்லாம் ஒட்டும். அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வடிகட்டி, குடல் தலையோடு சேர்த்துக் கறிவேப்பிலை மரத்தடியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மேலாக மூடினால் இரவே நாயும் பூனையும் தோண்டிவிடும்.

அடுத்தது கத்தரிக்கோல். வயிற்றின் அடிவிளிம்பை, தொண்டையிலிருந்து பின்துவாரம் வரை, ஒரு அரிசி அகலத்துக்கு நறுக்கி எடுத்துவிடுங்கள். ரம்ப முள்வரிசை அதோடு போய்விடும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு பிள்ளைகள் தொண்டையில் குத்துகிறது என்கிறார்கள். குத்துவது பெரும்பாலும் இந்த முள்தான். பக்கத்துடுப்புக்குப் பின்னால் தலையைச் சாய்வாக வெட்டி, குடலை விரலால் வழித்தெடுங்கள். அழுத்திப் பிதுக்கினால் பித்தப்பை உடைந்து சதை கசக்கும். சினை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். கடைசியாக, முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஓடும் கறுப்பு ரத்தக்கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக் கழுவுங்கள். கவிச்சையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கழுவுவதற்கு ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு. அதில் பத்து நிமிடம் கிடந்தால் ரத்தம் இறங்கும், சதையும் கொஞ்சம் இறுகும். வெறும் தண்ணீரில் ஊறினால் சதை நீர் குடித்துத் தொளதொளத்துப்போகும். குழாயை வேகமாகத் திறந்து நேராக மீன்மேல் விடுவதும் தப்பு, தம்பான் சதை அந்த வேகம் தாங்காது. புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சேர்த்து அலசும் வழக்கத்துக்குக் காரணம் உண்டு. மீன் வாசத்துக்குக் காரணமான ட்ரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. புளிப்பு அதைக் கட்டிப்போடும், ஆவியாகி மூக்குக்கு வராது. ஆனால் எண்ணெய் காறிய வாசத்துக்குப் புளி உதவாது. அந்த வாசம் வந்த மீன் பழைய மீன்.

இப்போது கீறல். சிறு முட்களில் பெரும்பாலானவை முதுகுச் சதையிலும் வால் பக்கத்திலும், மீனின் நீளவாக்கில் சாய்ந்து படுத்திருக்கும். அதனால் குறுக்கே வெட்டினால்தான் துண்டாகும். மீனை நன்றாகத் துடைத்துவிட்டு, பலகையில் படுக்கவைத்து, மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக, முதுகிலிருந்து வயிறு வரை கீறுங்கள். கத்தி நடு எலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். எலும்பை வெட்டக் கூடாது. சரியாகப் போனால் சரக் சரக் என்று சிறு சத்தம் கேட்கும், முள் துண்டாகும் சத்தம் அது. சத்தம் வராவிட்டால் ஆழம் போதவில்லை. மறுபக்கமும் அப்படியே. பெரும்பாலான வீடுகளில் மூன்று கோடு போட்டு நிறுத்திவிடுவோம். அது மசாலா இறங்கத்தான் போதும், முள்ளுக்குப் போதாது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டியது இங்கே மிக முக்கியம். மழுங்கிய கத்தி முள்ளை வெட்டாமல் சதையைத்தான் நசுக்கும். மீனை முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கொஞ்சம் விறைக்கவிட்டால் கீறுவது எளிது.

பொரிப்பதற்கு: ஒன்றரை தேக்கரண்டி தூள் உப்பு, ஒரு தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி மாவு. கீறலுக்குள் போகும்படி தடவி இருபது நிமிடம் வையுங்கள், அதற்குமேல் வேண்டாம். புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் சதை உதிரியாகி, புரட்டும்போது உடையும். இதில் பூண்டு அரைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. பூண்டு மீனுக்கு முந்திக் கருகிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுப் பல்லைத் தட்டிக் கடைசியில் எண்ணெயில் போடுவது மேல்.

வாணலியில் அரை அங்குலம் எண்ணெய். கறிவேப்பிலை போட்டதும் சடசடக்க வேண்டும், அதுதான் சூடு. ஒரு தடவைக்கு ஐந்தாறு மீன் போதும். நிறையப் போட்டால் எண்ணெய் ஆறி, மீன் பொரியாமல் வேகும். போட்டபின் மூன்று நிமிடம் தொடாதீர்கள். அடிப்புறம் காய்ந்தால் தானே கழன்று வரும். அதற்குள் கிண்டினால் தோல் சட்டியிலும் சதை கரண்டியிலும் இருக்கும். மறுபக்கம் மூன்று நிமிடம். துண்டான முட்கள் மொறுமொறுப்பாக வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெயை இன்னும் கொஞ்சம் சூடாக்கி, ஒரு நிமிடம் மறுபடி பொரியுங்கள். நடு எலும்பின் வால் பகுதிகூட அப்பளம் மாதிரி கடிபடும். ஸ்காட்லாந்தில் ஹெர்ரிங்கை ஓட்ஸில் புரட்டிப் பொரிக்கிறார்கள், நாம் அரிசி மாவு. ஈரத்தை மாவு பிடித்துக்கொண்டு தோலைக் காப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

குழம்புக்கும் கீறிய மீனே நல்லது. எலுமிச்சை அளவு புளியை இரண்டரைக் கப் தண்ணீரில் கரையுங்கள். நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, 150 கிராம் சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு தக்காளி. வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் குழம்பு முழுக்கக் கசக்கும். மூன்று மேசைக்கரண்டி மீன் மசாலாவை எண்ணெயிலேயே ஒரு நிமிடம் வதக்கிப் புளித்தண்ணீரை ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். வெண்டைக்காய் போட்டால் அது வெந்தபிறகு, மீன் கடைசி. ஐந்து நிமிடம் போதும். அகப்பை போடாமல் சட்டியின் காதைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். தம்பானே எண்ணெய் மீன் என்பதால் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்ற வேண்டியதில்லை. பிடித்தால் கால் கப், அதற்குமேல் ஊற்றினால் திகட்டும். காலையில் வைத்து இரவில் சாப்பிட நினைத்தால், ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துப் பின்பு கொதிக்கவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அடுப்பு மேலேயே விட்டுவைக்கும் பழக்கம் ஆபத்து.

முள்ளே வேண்டாம் என்பவர்களுக்குக் குக்கர். கீற வேண்டியதில்லை. குக்கரின் அடியில் செராய்த் (எலுமிச்சைப்புல்) தண்டு நான்கைந்தைத் தட்டிப் பரப்புங்கள், மீன் அடிப்பிடிக்காது. மேலே மீனை அடுக்கி, 30 கிராம் புளியின் கரைசல், இரண்டு மேசைக்கரண்டி சுக்கா (வினிகர்), நறுக்கிய மூன்று தக்காளி, பத்துக் காய்ந்த மிளகாய் அரைத்தது, உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். புளித்தண்ணீரோடு சேர்த்து மொத்த நீர் ஒன்றரைக் கப்புக்குக் குறையக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயை மிகக் குறைத்து 40 நிமிடம். குக்கருக்குள் சூடு 120 பாகை வரை ஏறும். எலும்பைப் பிணைத்திருக்கும் கொலாஜன் அந்தச் சூட்டில் கரைந்துவிட, மிஞ்சுவது விரலால் நசுக்கினாலே பொடியும் சுண்ணாம்பு. ஆவியைத் தானாக அடங்கவிடுங்கள். விசிலைத் தூக்கி விட்டால் உள்ளே திடீரென்று பொங்கி மீன் கூழாகிவிடும். டின் சார்டின் சாப்பிடும் பிள்ளைகள் இதை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுவார்கள், சுண்ணாம்புச்சத்தும் சேரும்.

அன்றே சமைக்க முடியாவிட்டால் சுத்தம் செய்து, டப்பாவில் மீன் மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி உறையவைப்பது நல்லது. காற்றுப் படாமல் இருந்தால்தான் எண்ணெய் காறாது. அப்படியும் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். எடுத்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிடுங்கள், மேசைமேல் வேண்டாம்.

தனியாக வைத்த சினையை மறந்துவிடாதீர்கள். மஞ்சளும் உப்பும் தடவி, மீன் பொரித்த அதே எண்ணெயில், தீயைக் குறைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம். மூடாமல் பொரித்தால் வெடித்துக் கையில் தெறிக்கும்.