பாப்பாவுக்கு கிளவுஸ்

நவம்பர் 27

பாப்பா ஸ்கூல்லேர்ந்து ஃபார்ம் வந்துருச்சு. ஜனவரி 15, நக்கிஸ்கா மலைக்கு பனிச்சறுக்கு டிரிப். ஸ்கீயா ஸ்னோபோர்டான்னு ரெண்டு கட்டம், நான் ஃபார்மை முழுசா படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவளே ஸ்னோபோர்டுல டிக் போட்டுட்டா. கீழ கொண்டுவர வேண்டிய சாமான் லிஸ்ட். தண்ணி புகாத கிளவுஸ் இல்லன்னா மிட்டன் (கட்டைவிரல் தனியா, மத்த நாலு விரலும் ஒரே பைக்குள்ள), அப்படின்னு ஒரே ஒரு வரி. அந்த வரியத்தான் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்.

நவம்பர் 29

பாப்பாவோட டெஸ்ட் ரிசல்ட்டுக்கு லேப்லேர்ந்து போன் வரல.

டிசம்பர் 1

இன்னிக்கு -9 தான். கனடாவுல, இந்தக் கால்கரிக்கு இதெல்லாம் குளிரே இல்ல. பஸ் ஸ்டாப்லேர்ந்து வீடு வரைக்கும் நடந்து வந்ததுக்கே பாப்பாவுக்கு வலது கையில நடுவிரலும் மோதிர விரலும் ரெண்டாவது கணு வரைக்கும் வெள்ளை, சாக்பீஸ் மாதிரி, எங்க வெள்ளை முடியுதுன்னு பேனாவால கோடு போடலாம் அவ்ளோ தெளிவா. அப்புறம் நீலம். அப்புறம் செவப்பு, அப்பதான் வலி, பல்லைக் கடிச்சுட்டு சிங்க் பக்கத்துல நின்னா. வெதுவெதுப்பான தண்ணிதான், சூடுதண்ணி கூடவே கூடாது, மரத்துப்போன விரலுக்கு சுடறது தெரியாது. மோரீஸ் ரேனோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1862லேயே டாக்டர் பட்டத்துக்கு இதைப் பத்தித்தான் எழுதினாராம், இந்தக் கோளாறுக்கே அவர் பேர்தான். இன்னிக்கும் முதல் வைத்தியம் ஒண்ணுதான், குளிர் படாம பாத்துக்கோங்க. குளிர் படாம எப்படி, இந்த ஊர்ல.

டிசம்பர் 4

கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க கிளவுஸ். விலையும் 30 டாலர்லேர்ந்து 250 வரைக்கும் போகுது. அங்க இருந்த பையன் ஒவ்வொண்ணா எடுத்து இது -20 தாங்கும் இது -30 தாங்கும்னு அட்டையில இருக்கிறதைப் படிச்சு காட்டுறான். அந்த நம்பரை கம்பெனிக்காரங்களேதான் போடறாங்க, அதுவும் நல்லா ரத்தம் ஓடுற கைக்குப் போடறாங்க. நான் நம்பரைப் பாக்கிறதை விட்டுட்டேன். போட்டு முஷ்டி மடக்குன்னு சொன்னேன். மடக்கும்போது விரல் நுனி கிளவுஸ்ல போய் முட்டுச்சுன்னா அது வேணாம், எவ்ளோ தடிமனா இருந்தாலும் வேணாம். குளிரைத் தடுக்கிறது பஞ்சு இல்ல, பஞ்சுக்குள்ள நிக்கிற காத்து. இறுக்கிப் பிடிச்சா காத்தும் போயிரும் ரத்த ஓட்டமும் போயிரும். அவளுக்கு ரொம்பப் பிடிச்ச ஊதா கலர் ஒண்ணு மணிக்கட்டுலேயே இறுக்கமா இருந்துச்சு. திருப்பி மாட்டிட்டு வந்துட்டேன், கார்ல வீடு வர்ற வரைக்கும் பேசல.

டிசம்பர் 7

மிட்டன் சின்னப் புள்ளைங்க போடறதாம். யாருமே போட மாட்டாங்களாம். நான் சண்டை போடல, லேக் லூயிஸ் பனிமலையில ஸ்னோபோர்டு ஓட்டுற பெரிய ஆளுங்க வீடியோவா தேடி எடுத்துக் காட்டினேன், பாதிப் பேர் கையில மிட்டன்தான். நாலு விரலும் ஒரே ரூமுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தா ஒண்ணோட சூடு இன்னொண்ணுக்கு, தனித்தனியா பிரிச்சு விட்டா ஒவ்வொரு விரலும் நாலு பக்கமும் குளிர் வாங்கும். நடுவுல மூணு விரல் மாடல் ஒண்ணு இருக்கு, லாப்ஸ்டர்னு சொல்றாங்க, ஆள்காட்டி விரல் தனியா மத்தது சேர்ந்து. ஸ்கீ ஓட்டுறவங்களுக்கு கம்பு பிடிக்கணும், அதுக்கு அது நல்லது. இவளுக்கு கம்பு கிடையாது. எதுக்கு ஒரு விரலை வெளிய விடணும்.

இன்னொண்ணு கவனிச்சேன், சில மிட்டன் வெளியில பாக்கத்தான் மிட்டன், உள்ள கைய விட்டா லைனிங் விரல் விரலா தச்சிருக்கு. கைய விட்டுப் பாக்காம ஆன்லைன்ல வாங்கவே கூடாது.

டிசம்பர் 9

அம்மா போன். "எதுக்குடி புள்ளைய பனியில போட்டு உருட்டணும், வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு"ன்னு ஆரம்பிச்சு கடைசில "ரெண்டு ஜோடி உறை மாட்டி விடு"ன்னு முடிச்சா. பாளையங்கோட்டையில உக்காந்துட்டு அவளுக்குத் தூக்கம் இல்ல, எனக்கு இங்க தூக்கம் இல்ல. ரெண்டு ஜோடி மாட்டினா இறுக்கம் அதிகமாகும்மான்னு சொன்னேன். எழுதிக் குடுக்கலாம்தான். ஆனா அவ கிளாஸ்ல எல்லாரும் போறாங்க.

டிசம்பர் 12

ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் ஒருத்தர், படிக்கிற காலத்துல சேர்லிஃப்ட்ல, அதான் ஆளுங்களை மலை மேல ஏத்துற கம்பி நாற்காலி, அதுல வேலை பாத்தவராம். கேன்டீன்ல கிளவுஸ் பேச்சை எடுத்தேன், மனுஷன் சாப்பாட்டையே மறந்துட்டார். லிஃப்ட் ஆளுங்க நாள் பூரா சேரைப் பிடிச்சு நிறுத்தி, மண்வாரியால பனி தள்ளி, கயிறு இழுத்து வேலை செய்யறவங்க, அவங்க கையில பெரிய ஸ்கீ பிராண்டைப் பாக்கவே முடியாதாம், மஞ்சள் கலர்ல கின்கோன்னு ஒரு கம்பெனியோட பன்னித்தோல் கிளவுஸ்தான். விலை பெரிய பிராண்டுல கால்வாசிகூட வராது. நனைஞ்சு காஞ்சாலும் விறைக்காது, தேன்மெழுகு பூசிட்டா தண்ணியும் சீக்கிரம் இறங்காது. துணி கிளவுஸ் கிழியறது எப்பவும் உள்ளங்கையிலதானாம், போர்டோட இரும்பு ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குறப்ப கத்தி மாதிரி அறுத்துரும், அதனால உள்ளங்கையில தோல் இருக்கா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரெண்டாவது தோல் வெச்சுத் தச்சிருக்கான்னு மட்டும் பாருன்னார்.

ஹெஸ்ட்ராவைப் பத்தியும் சொன்னார். ஸ்வீடன்ல ஹெஸ்ட்ராங்கிற ஊர்ல 1936ல மார்ட்டின் மாக்னுசன் ஆரம்பிச்சது, முதல்ல மரம் வெட்டுறவங்களுக்குத் தச்ச கிளவுஸ், அப்புறம்தான் ஸ்கீ. இன்னிக்கும் அந்தக் குடும்பம்தான் நடத்துது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ரெண்டுமே வேலைக்காரங்க கைக்குன்னு செஞ்ச சாமான்.

டிசம்பர் 13

போன் வரல.

டிசம்பர் 16

ராத்திரி ரெண்டு மணி. கிளவுஸ் சூடு தராது. இருக்கிற சூட்டை வெளிய விடாம வெச்சுக்கும், அவ்ளோதான். எல்லாப் புள்ளைங்களுக்கும் விரல் வரைக்கும் சூடு வந்து சேருது, அதைக் காப்பாத்தினாப் போதும். இவளுக்கு வந்து சேர்றதே நின்னுருது. ரத்தக்குழாய் சுருங்கிட்டா அதுக்கு மேல எவ்ளோ பஞ்சு வெச்சும் என்ன பண்ண. அப்ப நான் தேட வேண்டியது இன்னும் தடிமனான மிட்டன் இல்ல. சூட்டை வெளியிலேர்ந்து குடுக்கணும், அப்புறம் உடம்பு நடுவுல குளிரவே விடக்கூடாது, நெஞ்சும் வயிறும் குளிர்ந்தா உடம்பு முதல்ல கைவிடுறது கையையும் காலையும்தான். பஞ்சு வெச்ச கையில்லாத ஜாக்கெட் ஒண்ணு, கழுத்துக்கு ஒரு வார்மர், வயிறு நிறைய காலைச் சாப்பாடு, எல்லாமே கிளவுஸோட கணக்குதான். காலையில இவர்கிட்ட சொல்லணும். இப்ப எழுப்பி சொன்னா கோவப்படுவார்.

டிசம்பர் 19

சினூக் காத்து, மலையிலேர்ந்து இறங்குற வெப்பக்காத்து. நேத்து -17, இன்னிக்கு +6. ஊரே ஒழுகுது. வாசல்ல ஈரப் பனியில விளையாண்டுட்டு பழைய கம்பளிக் கிளவுஸைப் பிழியற மாதிரி கொண்டு வந்தா, +6லேயே மூணு விரல் வெள்ளை. ஈரம்தான் முதல் எதிரி, குளிர் அப்புறம். ஸ்கீ ஓட்டுறவன் நின்னுட்டே இருக்கான், ஸ்னோபோர்டு கத்துக்கிறவ அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பனியில உக்காருவா, ரெண்டு கையையும் ஊணித்தான் எந்திரிப்பா. வெளி ஈரத்தை விடுங்க, உள்ள வேர்வை இருக்கே, அதுவும் ஈரம்தான். காட்டன் உள்ள இருக்கவே கூடாது. மிட்டனுக்குள்ள போட மெல்லிசா ஒரு உறை, மெரினோ கம்பளி லைனர்.

டிசம்பர் 22

ரெண்டு ஜோடி வாங்கிட்டு வந்தேன். டிஷ்யூ பேப்பரை மடிச்சு உள்ள திணிச்சு, வாய்ப்பக்கம் மேல இருக்கிற மாதிரி பிடிச்சுட்டு கிச்சன் குழாய்க்கு அடியில காட்டுறது, முஷ்டி மடக்கற மாதிரி அழுத்தி அழுத்தி. முதல் ஜோடி கட்டைவிரல் தையல்ல கசிஞ்சுது, டிஷ்யூ நுனி ஈரம். திருப்பிக் குடுத்துரலாம். ரெண்டாவது காஞ்ச டிஷ்யூ! உள்ளங்கை ஆட்டுத்தோல், மேல துணி, உள் பஞ்சை தனியா உருவிக் காயவைக்கலாம், வாய் ஜாக்கெட் கைக்கு மேல வந்து கயிறு இழுத்து மூடுற மாதிரி நீளம். புறங்கைப் பக்கம் ஜிப் வெச்ச சின்னப் பை. மணிக்கட்டுல மாட்டிக்கிற வார். கலர் கறுப்பு. ஊதா இல்ல.

டிசம்பர் 23

மெழுகு பூசினேன். ஓவன்ல லேசா சுட வெச்சு பூசறவங்க இருக்காங்க, எனக்கு தைரியம் வரல. ஹேர் டிரையர்தான். தோல் கைக்கு இளஞ்சூடா ஆனதும் விரலால மெழுகைத் தேய்ச்சா வெள்ளையா நிக்குது, திரும்பவும் காத்து காட்டினா கண்ணு முன்னாலேயே உருகி உள்ள இறங்கி தோல் ஒரு படி கருத்துருது. தையல் ஓரம் எல்லாம் குச்சியால. வீடு பூரா தேன் வாசம். மெழுகு பூசின கையோட ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டு இருந்தேன், ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலை முழுசா முடிஞ்ச மாதிரி இருந்துச்சு.

டிசம்பர் 28

கனடா ஒலிம்பிக் பார்க் போனோம், பழக்கத்துக்கு. 1988ல ஸ்கீ ஜம்ப்பும் பாப்ஸ்லெட்டும் நடந்த இடம், இன்னிக்கு எங்க பாப்பா அங்க உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறா. -11, காத்து இல்ல. ஒரு மணி நேரம் விரல் நல்லா இருந்துச்சு. அப்புறம் பூட்ஸைப் போர்டோட கட்டுற பைண்டிங் வார் மாட்டத் தெரியாம மிட்டனைக் கழட்டினா, கழட்டினதைப் பனி மேல வெச்சா, வாயைத் திறந்து வெச்சா! உள்ள பனி. மூணு நிமிஷம்கூட இருக்காது, வெள்ளை. கையை ராட்டினம் மாதிரி சுத்த வெச்சேன், தோள்லேர்ந்து, ரத்தம் நுனிக்கு ஓடுற மாதிரி. வந்துச்சு. எவ்ளோ நல்ல மிட்டனா இருந்தாலும் கழட்டுற நிமிஷத்துலதான் எல்லாம் போகுது. சாயங்காலம் ஹால்ல கம்பளம் மேல உக்கார வெச்சு, மிட்டனோடவே பைண்டிங் வாரை இறுக்கற ராட்செட்டை இழுக்க பழக்கினேன். வார் மணிக்கட்டுலேர்ந்து இறங்கக் கூடாது, தவிர்க்க முடியாமக் கழட்டினா லைனர் கையிலேயே இருக்கணும்.

ஜனவரி 3

மணிக்கட்டு கார்டு வேணுமாம். புதுசா ஸ்னோபோர்டு கத்துக்கிறவங்க ரொம்ப ஒடிச்சுக்கிறது மணிக்கட்டைத்தான், கையை நீட்டிட்டு விழறதால. சரி. ஆனா அதை மிட்டனுக்குள்ள போட்டா இறுக்கும், இறுக்கினா விரல். மெல்லிசா ஒண்ணு லைனருக்கு மேல போட்டுப் பாத்தேன், விரல் நுனிக்கும் மிட்டன் நுனிக்கும் நடுவுல இன்னும் இடம் இருக்கு. தாங்கும்.

ஜனவரி 6

போன் வந்துச்சு. ரிசல்ட்டை ஸ்பெஷலிஸ்ட்தான் சொல்வாராம். பிப்ரவரி 19.

ஜனவரி 7

பிப்ரவரி 19.

ஜனவரி 10

பேட்டரி கிளவுஸ் வாங்கிரலாம்னு இவர் சொல்றார். நானும் யோசிச்சேன். குளிர்ல லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், முந்தின ராத்திரி சார்ஜ் போட்டது மதியத்துக்கு மேல நிக்குமான்னு தெரியாம அவளைத் தனியா அனுப்ப மனசு வரல. இப்போதைக்கு ஹேண்ட் வார்மர் பாக்கெட். அதுக்குள்ள இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், காத்து பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிற சூடுதான் அது. காத்து வேணும் அதுக்கு, அதனால போகும்போது பிரிச்சு மூடின மிட்டனுக்குள்ள போட்டா சூடே ஏறாது, முன்னாடியே பிரிச்சு வெச்சு, சூடான அப்புறம்தான் மிட்டனோட புறங்கைப் பக்க ஜிப் பையில போடணும். தோல் மேல நேரா படக்கூடாது.

ஜனவரி 13

காத்தோட சேர்த்து -29 வரும்னு முன்னறிவிப்பு. என்விரான்மென்ட் கனடா கணக்குல -28ஐத் தாண்டினா திறந்து கிடக்கிற தோல் பத்துலேர்ந்து முப்பது நிமிஷத்துல உறையலாம். அது எல்லாருக்கும் போட்ட கணக்கு. டீச்சருக்கு லெட்டர் எழுதினேன், நாலு தடவை மாத்தி. பயமுறுத்தவும் கூடாது, லேசா எடுத்துக்கவும் கூடாது. விரல் வெளுத்தா தேய்க்க வேண்டாம், உள்ள கூட்டிட்டுப் போங்க, அக்குள்ள கையை வெச்சுக்க சொல்லுங்க. அவ கேக்க மாட்டா, நீங்கதான் பாக்கணும்.

ஜனவரி 14

முன்னறிவிப்பு மாறிருச்சு. -13. காத்து கம்மி. தெய்வமே.

ஜனவரி 15

காலை 5:40. மிட்டன் ஹீட்டர் மேல இல்ல, பக்கத்துல, தோல் வெடிச்சுரக் கூடாது. கை சூடா இருக்கும்போதே மாட்டணும், குளிர்ந்த கையை உள்ள விட்டுப் பிரயோஜனம் இல்ல. பாக்கெட்டைப் பிரிச்சு வெச்சாச்சு. தோசை ஊத்தப் போறேன்.

ஜனவரி 15, ராத்திரி

இடது கை மோதிர விரல் மட்டுமாம். சேர்லிஃப்ட்ல ஒரு தடவை. லாட்ஜ்ல உக்காந்ததும் வந்துருச்சாம். மிட்டனை ஒரு தடவைகூட கழட்டலையாம், பைண்டிங்கை அதோடவே மாட்டினாளாம், அதை மூணு தடவை சொல்லிட்டா. இடது லைனர்தான் கொஞ்சம் பிடிக்குதுன்னா. உருவி பாத்தேன், மோதிர விரல் அடியில தையல் தடம் அப்படியே சதையில பதிஞ்சிருக்கு. நாளைக்கு ஆபீஸ் விட்டதும் கடைக்குப் போய் ஒரு சைஸ் பெரிசா, தையல் வெளிப்பக்கம் வர்ற மாதிரி ஒரு லைனர் பாக்கணும். இவங்க கிளாஸ் மார்ச்ல இன்னொரு தடவை போகுதாம்.