பத்தாயத்தின் மேல் ஒரு மடிக்கணினி

2007-இல் அத்தான் அமெரிக்காவில் இருந்தார். அப்போது நிக்கோலஸ் நெக்ரோபோன்டே என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொடங்கிய 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்துக்கு 399 டாலர் கட்டினால், ஏழை நாட்டுக் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி போகும், இன்னொன்று நம் வீட்டுக்கு வரும். அந்தப் பச்சை வெள்ளைப் பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்தபோது நானும் தொட்டுப் பார்த்தேன். வெயிலில்கூட எழுத்து தெரிந்தது. நல்ல மனசோடு செய்த காரியம்.

இந்த வருஷமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். "இந்தத் தடவை நம்ம மன்னார்குடிப் பக்கமே கொடுங்க அத்தான்" என்றேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பத்தாவது படிக்கிறாள். அண்ணனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை அம்மாவின் பழைய புடவையில் சுற்றிப் பத்தாயத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். பேட்டரி செத்துவிட்டது. சார்ஜர் வயரை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும். தம்பி பிடித்துக்கொள்ள, அக்கா படிக்கிறாள். கரண்ட் போனால் அதோடு சரி.

அத்தான் கொண்டுவந்த அதே வகை மடிக்கணினியைத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 8 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வில், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் சொல்லிக்கொடுக்கவும் ரிப்பேர் பார்க்கவும் ஆள் வேண்டும். அந்தக் குழந்தைகளும் நம் குழந்தைகள்தான். ஆனால் வயர் அறுந்தால் என்னால் ஓடிப்போய்ப் பார்க்க முடிவது இந்தத் தெருவில்தான்.

அத்தான் பணம் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை தஞ்சாவூர் போய் பேட்டரி வாங்கப்போகிறேன். சுற்றுவட்டாரத்தில் இப்படிக் கிடக்கும் மடிக்கணினி இருந்தால் அதற்குள் சொல்லுங்கள், சேர்த்தே வாங்கிவிடலாம்.