தோணா பாயக்குள்ள மட்டும்: கழிவுநீர்க் குளத்துக்கு ஈபிஎல் எடுத்த அனுபவம்

நான் மட்டக்களப்பில படுவான்கரைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி விடுதியில நிர்வாகம் பாக்குறன். பிள்ளைகளும் ஸ்டாஃபும் சேத்து 240 பேர் தங்கி நிக்கிற இடம், ஒரு நாளைக்கு சுமார் 28 கியூப் (கன மீற்றர்) கழிவுத்தண்ணி வரும், அதாவது 28,000 லீற்றர். அந்தத் தண்ணி முதல்ல செப்டிக் டேங்குக்குப் போய், அங்கேருந்து ரெண்டு மண் குளத்துக்குப் போகுது. முதல் குளம் 30 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம், ஒண்டரை மீற்றர் ஆழம், ரெண்டாவது அதைவிடச் சின்னன், ஆழம் ஒரு மீற்றர்தான். கடைசிக் குளத்தால வழியுற தண்ணி பின்பக்கத் தோணா எண்டுற வாய்க்காலுக்குள்ள போய் தோணா வழியா வாவிக்குப் போயிடும். நான் வேலைக்கு வர முன்னமே இப்பிடித்தான் கன வருசமா ஓடிக்கொண்டு இருந்திருக்கு, ஈபிஎல் எண்டுற சுற்றாடல் லைசன்ஸ் எடுக்கவே இல்ல.

இதைச் சரிப்படுத்த எனக்கு பதினொரு மாசம் பிடிச்சிது. நம்மட பக்கம் இதே மாதிரிக் குளம் வச்சிருக்கிற விடுதி, சின்ன ஹொட்டல், ஆலை கனக்க இருக்கு, ஒருத்தருக்காவது உதவட்டும் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது எண்டு பாத்தன். 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், அதுக்கு 1988ல வந்த திருத்தத்திலதான் இந்த சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எண்ட விசயம் வருது, எல்லாரும் ஈபிஎல் எண்டுதான் சொல்லுவாங்க. வெளிய விடுற தண்ணியில என்னென்ன எவ்வளவு இருக்கலாம் எண்ட கணக்கு 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வந்த 1534/18 வர்த்தமானியில இருந்திச்சு, நாங்க பாத்தது அதைத்தான். வேலைகளை மூண்டு வகையாப் பிரிச்சிருக்காங்க, சின்ன வகை எண்டா பிரதேச சபையே ஈபிஎல் குடுக்கும், பெரிசு எண்டா மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போகணும். நம்மட ஆள் எண்ணிக்கைக்கு அதிகார சபைதான். நீங்க எந்த வகை எண்டு முதல்ல கேட்டுத் தெளிஞ்சிட்டு போமை நிரப்புங்க, நான் அது தெரியாம சபைக்கும் டீஎஸ் ஒபிஸுக்கும் நாலு தரம் அலைஞ்சன்.

போம், காணி உறுதி, சேர்வே பிளான், கட்டட அனுமதி, வழிகாட்டும் படம், தண்ணி எங்கேருந்து வந்து எங்க போகுது எண்டு கீறின படம், இவ்வளவும் குடுத்து பரிசோதனைக் கட்டணம் கட்டினா ஆக்கள் வந்து இடத்தைப் பாப்பாங்க. பேப்பர் வேலை லேசுதான். நம்மள அலைக்கழிச்சது தண்ணிதான்.

லேப் ரிப்போட் வேணும் எண்டதும் நானே ரெண்டு தண்ணிப் போத்தலைக் கழுவி தண்ணி அள்ளி மோட்டார்சைக்கிள்ல கொண்டு போனன். லேப்ல வாங்கவே இல்ல. மலக் கோலிபோம், அதாவது மலத்தால வாற கிருமி, பாக்குறதுக்கு கிருமிநீக்கின போத்தல் வேணுமாம், ஐஸில வச்சு சில மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வரணுமாம், பீஓடி, அதாவது தண்ணியில உள்ள அழுக்கைத் தின்ன பக்டீரியாவுக்கு எவ்வளவு ஒக்சிசன் வேணும் எண்ட கணக்கு, பாக்குறதுக்கு 20 டிகிரியில அஞ்சு நாள் வச்சிருந்து எவ்வளவு ஒக்சிசன் குறைஞ்சிருக்கு எண்டு பாப்பாங்களாம். மறுகா லேப் ஆக்களையே காசு கட்டி வரச் சொன்னம், அவங்க எடுத்தாத்தான் ரிப்போட்லயும் அவங்க எடுத்தது எண்டு விழும். ஐஸ் பெட்டிக்கு நம்மட சமையல்கார அண்ணன் மீன்காரத் தம்பிக்கிட்டக் கேட்டு ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கித் தந்தாரு, அதுக்குள்ள நொறுக்கின ஐஸ் போட்டு போத்தலைப் புதைச்சு மூடி டேப் ஒட்டி அனுப்பினம்.

ரிப்போட் வந்திச்சு. பீஎச் 9.3. பீஓடி 41. தண்ணிக்குள்ள கரையாம நிக்கிற திண்மம் 92. கோலிபோம் 100 மில்லிலீற்றருக்கு 2,400. உள்நாட்டு நீர்நிலைக்குள்ள விடுறதுக்கு பீஎச் 6க்கும் 8.5க்கும் இடையில இருக்கணும், பீஓடி லீற்றருக்கு 30 மில்லிகிராம், திண்மம் 50, கோலிபோம் 40, எண்ணெய் கிரீஸ் 10. எண்ணெய் மட்டும்தான் தப்பிச்சிது, அதுவும் சமையலறைக்கு வெளிய உள்ள கிரீஸ் தொட்டியை கிழமைக்கு ரெண்டு தரம் அள்ளுறதால.

எனக்கு விளங்கவே இல்ல. தண்ணி மணக்கவும் இல்ல, நல்ல பச்சையா கிடக்கு, பிறகெப்பிடி ஃபெயில் எண்டு. ஒரு இன்ஜினியர் தம்பி வந்து குளத்துக் கரையில குந்தியிருந்து விளங்கப்படுத்தினாரு. அந்தப் பச்சைதான் விசயம். பாசி வெயிலைப் பிடிச்சு ஒக்சிசன் குடுக்குது, அந்த ஒக்சிசனை வச்சுத்தான் பக்டீரியா அழுக்கைத் தின்னுது, குளம் வேலை செய்யிறதே அப்பிடித்தான். ஆனா பாசி தண்ணியில உள்ள காபனீரொக்சைட்டை இழுத்து எடுக்குறதால பீஎச் ஏறும், பகல் ரெண்டு மணிக்கு உச்சத்துக்குப் போகும், ராவைக்கு இறங்கும். நம்மட சாம்பிள் எடுத்தது ரெண்டேகால் மணிக்கு. அந்தப் பாசியே வெளிய போற தண்ணியோட சேந்து போகக்குள்ள திண்மமாவும் பீஓடியாவும் கணக்கில விழுது. இன்னுமொண்டு, நம்மட குளத்துக்குத் தண்ணி வாற குழாயும் போற குழாயும் ஒரே பக்கத்தில கிடந்திச்சு, அதால வாற தண்ணி குளம் முழுக்கச் சுத்தாம குறுக்கால ஓடி வெளிய போயிருக்கு. கொன்ட்ராக்ட் எடுத்துக் கட்டினவர் குழாய் மிச்சம் பிடிக்க அப்பிடிப் போட்டிருக்காரு.

சிலபேர் சொன்னாங்க, விடிய ஆறு மணிக்கு சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க, பீஎச் குறைஞ்சு வரும் எண்டு. நாங்க அதுக்குச் சம்மதிக்கல்ல. தோணாவுக்குள்ள தண்ணி போறது விடிய மட்டும் இல்லயே, பகல் முழுக்கப் போகுது, அதுக்குள்ள இறால் குஞ்சு கிடக்கு.

செஞ்ச வேலை இவ்வளவுதான். ரெண்டாவது குளத்துக்கு நடுவால மூண்டு வரிசை கம்பு நட்டு தடிச்ச தார்ப்பாய் கட்டி, தண்ணி பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி செஞ்சம். மேல் வாயால வழிஞ்ச குழாயை வெட்டி 'T' மூட்டுப் போட்டு வாயை 60 சென்ரிமீற்றர் கீழ இறக்கினம், பாசி கூட மேல்பக்கத்திலதான் நிக்கும் எண்டபடியா. அதுக்கு வெளிய ஒரு தொட்டி கட்டி முழங்கை மொத்தக் கருங்கல்லாப் போட்டு நிரப்பினம், தண்ணி கல்லுக்குள்ளால மெதுவாப் போகக்குள்ள பாசி கல்லில படிஞ்சிடும். கடைசியில 2,000 லீற்றர் தொட்டி ஒண்டு, அதுக்குள்ள குளோரின் கலந்து அரை மணித்தியாலம் நிண்டு போகும். குளோரினும் கூடக்கூடாது, மிச்சக் குளோரின் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள்ளதான் இருக்கணும், கூடினா மீன் சாகும், அதால ஒவ்வொரு நாளும் கிட் வச்சுப் பாத்து எழுதுறம். கரையில கிடந்த ஆத்துவாழை எல்லாத்தையும் பிடுங்கி மாடு இறங்காம கம்பி வேலியும் அடிச்சம்.

இதுக்கிடையில இன்னொரு பிரச்சினை. நாங்க சபைக்குக் குடுத்த கடிதம் இங்கிலீசில இன்ஜினியர் எழுதினது, அதில குளத்தை லகூன் எண்டு போட்டிருந்திச்சு, அவங்கட பாசையில கழிவுநீர்க் குளத்துக்கும் அதுதான் பேர். மட்டக்களப்பில லகூன் எண்டா எல்லாருக்கும் வாவிதான். விடுதிக்காரங்க வாவிக்குள்ள மலத்தண்ணி விடப்போறாங்களாம் எண்டு கதை பரவி மீன்பிடிச் சங்கத்து ஆக்கள் ஒருநாள் பின்னேரம் பதினைஞ்சு பேர் கேட்டடிக்கு வந்திட்டாங்க. அவங்க கோவப்பட்டதில ஒரு பிழையும் இல்ல. அந்த வாவியிலதான் அவங்கட அடுப்பு எரியுது.

அவங்களுக்குள்ள வயசான ஒரு ஐயா, அத்தாங்கு போடுற கை, விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, அவர் கேட்டாரு, "மகன், அந்தக் குளத்தை எனக்குக் காட்டு" எண்டு. கூட்டிக்கொண்டு போனன். கல்லுத் தொட்டியால வாற தண்ணியை உள்ளங்கையில ஏந்தி மணந்து பாத்தாரு, விரலுக்கிடையால வடிய விட்டு பச்சை ஒட்டுதா எண்டு பாத்தாரு. மறுகா தோணாப் பக்கம் நடந்து போய் கன நேரம் நிண்டாரு. அது ஆடி மாசம், கச்சான் காத்து அடிக்குது, தோணாவில கணுக்கால் தண்ணிகூட இல்ல, அதுவும் நகராம கிடக்கு.

"இதுக்குள்ள இப்ப உட்டா தண்ணி எங்க மகன் போகும்? இஞ்சையே கிடந்து நாறும். மாரியில தோணா பாயக்குள்ள உடு, அப்ப ஆத்துக்குப் போய் முகத்துவாரத்தால கடலுக்குப் போயிடும். கோடைக்க உடாத."

ரெண்டு கிழமை கழிச்சு அதிகார சபையிலேருந்து இடம் பாக்க வந்த மிஸ் கேட்ட முதல் கேள்வியும் இதுதான், தோணாவில கோடையில எவ்வளவு தண்ணி ஓடும் எண்டு. வர்த்தமானியில அந்தக் கணக்கெல்லாத்துக்கும் கீழ ஒரு குறிப்பு இருக்கு, நான் அதை வாசிக்காமலே விட்டிருந்தன். வெளிய விடுற தண்ணி போய்ச் சேருற இடத்தில குறைஞ்சது 8 மடங்கு சுத்தமான தண்ணியோட கலக்கும் எண்டு வச்சுத்தான் அந்த 30, 50 எல்லாம் போட்டிருக்காங்க. 8 மடங்கு இல்லாட்டி, கிடைக்கிற மடங்கில எட்டில ஒரு பங்கால பெருக்கி அளவைக் குறைக்கணும். மிஸ்ஸும் நானும் இன்ஜினியர் தம்பியும் சேந்து அளந்தம், பத்து மீற்றர் தூரத்துக்கு ரெண்டு கம்பு நட்டு ஒரு குரும்பட்டியைப் போட்டு எவ்வளவு நேரத்தில போகுது எண்டு பாத்து, அகலம் ஆழத்தால பெருக்கினா செக்கனுக்கு 2 லீற்றர்தான் வருது. நாங்க விடுற தண்ணி எட்டு மணித்தியாலத்துக்குள்ள விட்டா செக்கனுக்கு 1 லீற்றர். அப்ப 2 மடங்கு, 30ஐ எட்டால பிரிச்சு ரெண்டால பெருக்கினா பீஓடி 7.5க்குள்ள இருக்கணும். மண் குளத்தால அது நடக்காது. மாரியில அளந்ததில அதே தோணா செக்கனுக்கு 90 லீற்றருக்கு மேல பாஞ்சிது.

அந்த ஐயா குளத்தடியில நிண்டு சொன்னதைத்தான் வர்த்தமானி எட்டு மடங்கு எண்டு சொல்லுது. இதை நான் மிஸ்ஸுக்கிட்டயும் சொன்னன், அவங்க அதை ஃபைல்ல மீனவர் சங்கத்தின்ட கருத்தா எழுதிக்கொண்டாங்க.

அப்ப கோடைக்கு என்ன செய்யிற? அதுக்கு வேற அட்டவணை இருக்கு, நிலத்துக்குப் பாய்ச்சுறதுக்கு. அங்க பீஓடி 250 மட்டும் போகலாம், பீஎச் 9 மட்டும் போகலாம், கோலிபோம் மட்டும் அதே 40. மண்ணைப் பொறுத்து ஒரு ஹெக்டேருக்கு நாளைக்கு எவ்வளவு விடலாம் எண்டும் போட்டிருக்கு, மணல் எண்டா 225 தொடக்கம் 280 கியூப், களி எண்டா 35 தொடக்கம் 55 மட்டும்தான். எழுவான்கரைக் கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு மணல், கொஞ்சக் காணி போதும். நம்மட பக்கம் வட்டை மண், பாத்ததில களி கலந்த வண்டல், 55 தொடக்கம் 110. 28 கியூபுக்கு குறைஞ்ச கணக்கில பாத்தா ஒண்டேகால் ஏக்கர் வேணும். விடுதிக்குப் பின்னால ஒண்டரை ஏக்கர் தென்னங்காணி இருந்திச்சு, அதுக்குள்ள குழாய் இழுத்து பாத்தி கட்டினம். கீரைப் பாத்திக்கு மட்டும் விடக்கூடாது எண்டு நாங்களே முடிவெடுத்தம், பிள்ளைகள் தின்னுற சாமான்.

ரெண்டாவது சாம்பிள் அதே பகல் ரெண்டு மணிக்கே எடுக்கச் சொன்னம். பீஎச் 8.1, பீஓடி 19, திண்மம் 34, கோலிபோம் 23. ரிப்போட்டை ரெண்டு தரம் வாசிச்சிட்டு சமையல்கார அண்ணனுக்குத்தான் முதல்ல போன் எடுத்தன்.

லைசன்ஸ் நிபந்தனையோட வந்திச்சு. கோடையில தென்னைக்கு, மாரியில தோணா பாயக்குள்ள மட்டும் வெளிய, ஆறு மாசத்துக்கு ஒருக்கா லேப் ரிப்போட், ஒவ்வொரு நாளும் எவ்வளவு விட்டம் எண்டு லொக் புக், குளத்து அடி மண்டியை அள்ளினா அதைக் கண்டபடி வயலுக்குக் குடுக்கக்கூடாது. முடியிற திகதிக்கு மூண்டு மாசத்துக்கு முன்னமே புதுப்பிக்கப் போடணும், அதை இப்பவே கலண்டர்ல சிவப்பால வட்டம் போட்டு வச்சிருக்கன்.

இதைத் தொடங்கிற ஆக்களுக்கு ஒண்டே ஒண்டு சொல்லுறன், லேப்புக்குக் காசு கட்ட முன்ன உங்கட தண்ணி எங்க போய்ச் சேருது எண்டு கோடையிலயும் மாரியிலயும் நடந்து போய்ப் பாருங்க. எந்த அட்டவணை எண்டு அதை வச்சுத்தான் வரும், குளத்தில என்ன திருத்தணும் எண்டதும் அதுக்குப் பிறகுதான். நாங்க அதைக் கடைசியாச் செஞ்சதால ஒரு சாம்பிள் காசும் அஞ்சு மாசமும் போயிட்டுது.

தோணாவில எந்த உயரத்துக்குத் தண்ணி வந்தா வால்வைத் திறக்கலாம் எண்டதுக்கு அந்த ஐயாவே ஒரு கிண்ணைக் கம்பு வெட்டிக்கொண்டு வந்து நட்டுத் தந்தாரு, மாரியில அளந்த அளவுக்கு நேரா நாங்க அதில சிவப்பு பெயின்ட்ல கோடு கீறி வச்சிருக்கம். இந்த ஐப்பசி கடைசியில மழை பிடிச்சு நாலாம் நாள் தண்ணி கோட்டைத் தொட்டிச்சு. வோச்சர் தம்பி வந்து சொன்னான், நானே போய்ப் பாத்திட்டு வால்வைத் திறந்து லொக் புக்ல நேரம் எழுதினன், காலை 9.20.