பிளாக் செய்த சித்தப்பாவின் 11 மெசேஜ்

நிலத் தகராறில் வார்த்தை முற்றிப்போன அன்று இரவே சித்தப்பாவின் எண்ணை நானும் அக்காவும் பிளாக் செய்துவிட்டோம். அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது, எதுவானாலும் எஸ்எம்எஸ்தான். அப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை, அவருக்கும் வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பழைய ஓடிபி மெசேஜ்களை அழித்துக்கொண்டிருந்தபோது, கூகுள் மெசேஜஸில் மேலே இருக்கும் என் படத்தைத் தொட்டதும் 'ஸ்பேம் அண்டு பிளாக்டு' என்று ஒன்று கண்ணில் பட்டது. திறந்தால், லோன் வேண்டுமா, ரம்மி ஆட வா என்ற குப்பைகளுக்கு நடுவே சித்தப்பாவின் 11 மெசேஜ். கடைசி ஏழும் பாட்டியைப் பற்றி. "உன்னைத்தான் கேக்குது, ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா." தேதி ஆறு வாரத்துக்கு முந்தையது. பாட்டி தேறிவிட்டார் என்று அம்மா பிறகு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிளாக் செய்தால் மெசேஜ் அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அப்படி இல்லை. நாம் பிளாக் செய்வது நம் போனுக்குள் மட்டும்தான், சிம் நிறுவனத்துக்கு அது தெரியவே தெரியாது. எஸ்எம்எஸ் வழக்கம்போல டவர் வழியாக நம் போன் வரை வந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் போன் தன்னிடம் இருக்கும் பிளாக் பட்டியலைப் பார்க்கிறது. ஆண்ட்ராய்டில் 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பட்டியல் சிஸ்டத்திலேயே இருக்கிறது. வந்ததை என்ன செய்வது என்பது மெசேஜ் ஆப்பைப் பொறுத்தது. கூகுள் மெசேஜஸ் சத்தமில்லாமல் தனியாக எடுத்து வைத்துவிடும். சாம்சங்கின் சொந்த மெசேஜ் ஆப்பில் செட்டிங்ஸில் பிளாக் பகுதிக்குள் தேட வேண்டும். அனுப்பியவருக்கோ எல்லாம் சரியாகப் போனதுபோலத்தான் தெரியும். அதாவது, நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன் என்றுதான் சித்தப்பா இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவிடம் இருப்பது ஐபோன். அதில் பிளாக் செய்த எண்ணிலிருந்து வந்தவற்றைச் சேர்த்து வைக்கும் இடமே இல்லை, பிளாக்கை எடுத்தாலும் பழையது வராது, இனி அனுப்புவதுதான் வரும். வாட்ஸ்அப்பும் அப்படித்தான்: அனுப்பியவருக்கு ஒரே ஒரு டிக் நிற்கும், அந்த மெசேஜ் பிறகும் வராது. ஆனால் இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் அங்கே போடுவது தெரியும்.

பிளாக்கை எடுத்துவிட்டு சித்தப்பாவை அழைத்தேன். "எல்லாம் போய்ச் சேந்துச்சுன்னு நெனச்சேன்பா" என்றார், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. 11 மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள்.