லுங்கியோடு ஏறப் பார்த்த நாள்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்று அப்பா வைத்தது. ஜூனில் மழை பிடித்தால் ஆகஸ்ட்டுக்குள் கோரையும் பார்த்தீனியமும் இடுப்புவரை வந்துவிடும். விழுந்த தேங்காய்கூடக் கண்ணில் படாது. முன்பெல்லாம் உழுது விடுவோம். தோப்பு பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மேலாக ஓடும் வேர் அறுபடும், கோடையில் மண்ணும் சீக்கிரம் காயும். வெட்டிப் போட்டால் அதே புல் மூடாக்காகக் கிடக்கும் என்று போன வருஷம் மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் நாலடி ஸ்லாஷர் ஒன்று வாங்கினேன்.

ஸ்லாஷர் என்பது கவிழ்த்துப் போட்ட இரும்புப் பெட்டி மாதிரி. மேலே கியர்பாக்ஸ், அடியில் கனமான இரண்டு கத்தி. தனி எஞ்சின் கிடையாது. டிராக்டரின் பின்பக்கம் எஞ்சின் சுற்றை வெளியே தரும் பி.டி.ஓ. தண்டிலிருந்து ஒரு ஷாஃப்ட் வழியாகத்தான் அதற்குச் சுற்று வருகிறது.

முதல் நாள் காலையில் லுங்கியும் தோளில் துண்டுமாக வண்டியில் ஏறப் போனேன். பக்கத்துத் தோட்டத்து மாமா வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ள, இந்தக் கோலத்துலயா ஓட்டப் போறீங்க? மொதல்ல போயி பேண்ட்டப் போட்டுட்டு வாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணியின் நுனி ஷாஃப்டில் பட்டால் ஐயோ என்பதற்குள் ஒன்பது சுற்று சுற்றியிருக்கும், துணிக்குப் பின்னால் ஆளும் போவான். நான் அதுவரை கத்தியைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். கத்தியாவது பெட்டிக்குள் இருக்கிறது. ஷாஃப்ட் நம் காலுக்குப் பக்கத்தில், வெளியில் சுற்றுகிறது. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் தருகிறார்கள். கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பேண்ட், முழு ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மேலேயிருந்து மட்டை விழும் என்பதால் தலைக்கு ஹெல்மெட். மாமாவுக்குத் திருப்தி.

ஆனாலும் அன்றைக்கு ஒரு புல்லைக்கூட வெட்டவில்லை.

காரணம் ஷாஃப்ட். பெட்டியை மாட்டுவது கஷ்டமில்லை. சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, டிராக்டரின் இரண்டு கீழ்க் கைகளையும் அப்புறம் மேலே பிடிக்கும் டாப் லிங்க்கையும் மாட்டி லாக் பின் போட்டாயிற்று. ஷாஃப்டைப் பொருத்தப் போனால் ஒரு சாண் நீளம் அதிகம். அப்படியே திணித்து மாட்டினால், தூக்கி இறக்கும்போது ஷாஃப்ட் இரண்டு பக்கமும் முட்டி, கியர்பாக்ஸையோ டிராக்டரின் பேரிங்கையோ தின்றுவிடும். பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்து, எந்த உயரத்தில் இரண்டு தண்டும் மிக நெருங்கி வருகிறதோ அங்கே அளந்து, ஷாஃப்டின் இரண்டு பாதியிலும் உறையிலும் ஒரே அளவு அறுக்க வேண்டும். ரொம்ப அறுத்தாலும் ஆபத்து. ஓடும்போது ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழியில் இறங்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். பட்டறையில் அறுத்து, பிசிறு தேய்த்து, கிரீஸ் தடவி எடுத்துவர மாலையாகிவிட்டது. மாட்டியதும் 'டக்' என்று பூட்டு விழுந்ததா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை தோப்பு முழுக்க நடந்தேன். கல், கம்பி, மண்ணில் புதைந்த முளைக்குச்சி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பார்க்க வேண்டும். எடுக்க முடிந்ததை எடுத்தேன், முடியாத இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டேன். புல்லுக்குள் அறுபதுக்கு மேல் தேங்காய் கிடைத்தது. டீசல் காசு அதிலேயே வந்துவிட்டது.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கியர் நியூட்ரல், பி.டி.ஓ. ஆஃப், கிளட்ச்சை மிதித்து ஸ்டார்ட். பெட்டியைத் தரையிலிருந்து அரையடி தூக்கி வைத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போதே பி.டி.ஓ.வைப் போட வேண்டும். முறுக்கிவிட்டுப் போட்டால் எல்லாம் ஒரே அதிர்ச்சியில் இழுபடும். பிறகு மீட்டரில் 540 குறி வரும்வரை ஏற்றி, பெட்டியை இறக்கி, முதல் கியரில் நகர்ந்தேன். தேங்காய் பொறுக்க வந்த அம்மாவையும் கன்றுக்குட்டியையும் முன்பே வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன். கத்தியில் பட்ட கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாய்க்கால் கரை ஓரம் போகவே இல்லை. சரிவில் வண்டி சாய்ந்தால் குதிக்க நேரம் இருக்காது.

மூன்றாவது வரிசையில் சத்தம் மாறியது. கரகரவென்று ஒரு உரசல், கூடவே பிளாஸ்டிக் தீய்கிற வாடை. மரத்தில் மடக்கிக் கட்டியிருந்த சொட்டுநீர்க் குழாய் ஒன்றின் வால் அவிழ்ந்து கிடந்திருக்கிறது. நடந்தபோது அந்த மரத்தைத் தாண்டிவிட்டேன் போல. பி.டி.ஓ.வை அணைத்தேன். கத்தி நிற்கவில்லை. கனம் அதிகமில்லையா, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் இருபது வரை எண்ணினேன். குனிந்து குழாயைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது உண்மை. இறங்கவில்லை.

சத்தம் அடங்கியதும் பெட்டியைத் தூக்கினேன். எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். இரண்டு பக்கமும் தென்னங்கட்டை அடுக்கி, அதன்மேல் பெட்டியை உட்காரவைத்தேன். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது. லீவரில் யார் கையாவது பட்டால் மொத்த எடையும் இறங்கிவிடும். இத்தனைக்கும் பிறகுதான் அரிவாளால் குழாயை அறுத்து எடுத்தேன். கத்தியைச் சுற்றி இருபது அடிக்குக் குறையாமல் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது.

மதியத்துக்கு மேல் ஒரு வேர்க்கட்டையில் அடித்து ஷியர் போல்ட், அதாவது சுமை மீறினால் தான் அறுந்து மற்றதைக் காப்பதற்கென்றே வைத்த போல்ட், அறுந்தது. எஞ்சின் ஓடுகிறது, கத்தி சுற்றவில்லை. பெரிய செலவு என்று நினைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, "அது அறுந்ததாலதான் உங்க கியர்பாக்ஸ் பொழச்சுது" என்றார். கையில் மாற்று போல்ட் இல்லை. டூல் பாக்ஸில் நல்ல உறுதியான போல்ட் ஒன்று கிடந்தது, அளவும் சரியாகப் பொருந்தியது. அதைப் போட அவர் விடவில்லை. அந்த போல்ட் அறாது, அடுத்த கட்டையில் கியர்பாக்ஸ் பல்தான் உடையும். பொள்ளாச்சி போய் அதே ரகத்தில் ஆறு வாங்கி வந்தேன்.

நாலு ஏக்கருக்கு ஓட்டிய நேரம் மட்டும் ஆறரை மணி. மரத்தைச் சுற்றி மூன்றடி கிட்டே போகாமல் விட்டிருக்கிறேன். 280 மரத்தடியையும் இனி அரிவாளால்தான் அறுக்க வேண்டும். அதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.