மொரீஷியஸ் ரம்மும் சித்தப்பாவின் உள்ளங்கையும்

ஊர் திரும்பி ஆறு நாள் ஆகிறது. மூன்று தடவை துவைத்தும் என் நீல லுங்கியில் வனிலா வாசம் போகவில்லை. மொட்டை மாடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "ஆன்ட்டி, கேக் செய்றீங்களா?" என்று என் மனைவியிடம் கேட்கிறான். விமான நிலையக் கடையில் வாங்கிய வனிலா ரம் பெட்டிக்குள் கசிந்ததுதான் காரணம். எந்தக் கடை, எந்த பிராண்ட் என்று எழுதப் போவதில்லை. ஆனால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மொரீஷியஸ் போகிறேன் என்றதும் ஆபீஸில் நாலு பேர், "செலவுக் கணக்கை நாள்வாரியா எழுதுங்க" என்று கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். முதலில் ரம்.

நாங்கள் தங்கியது மாஹேபூரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன கடற்கரை ஊர். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம், அறை வாடகை குறையும் என்று கணக்குப் போட்டுத்தான் போனோம். கூடவே கரும்பு வெட்டும் பருவமாகவும் இருந்தது எதிர்பாராத போனஸ். சாலையெல்லாம் கரும்பு லாரிகள். நான் நெல்லிக்குப்பத்துக்காரன். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பாகு வாசம் மூக்கில் ஏறும் ஊர் எங்களுடையது. இந்தியப் பெருங்கடலின் நடுவில் அதே வாசம் வந்தபோது, டிக்கெட் போட்டு ஊருக்கே போயிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

விடுதி நடத்தும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் அம்மாவின் சாப்பாட்டு அறை அலமாரியில் எட்டு கண்ணாடி ஜாடிகள். நம் வீட்டில் ஊறுகாய் இருக்கும் இடத்தில் அவர் வீட்டில் ரம். ஒன்றில் லிச்சி, ஒன்றில் அன்னாசி, ஒன்றில் இஞ்சியும் பட்டையும். 'ரம் அரான்ஜே' என்கிறார்கள். வெள்ளை ரம்மில் பழமோ மசாலாவோ போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது. பக்கத்துத் தீவான ரெயூனியனிலும் மடகாஸ்கரிலும் இந்தப் பழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கட்டைவிரல் உயரக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். முதல் நாள் கமலா ஆரஞ்சுத் தோல் ஊறிய ரம். வாயில் வைத்ததும் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த எண்ணெய் வாசம்; அப்புறம் பட்டை; கடைசியில்தான் சூடு. "குடி குடியைக் கெடுக்கும்" என்ற எழுத்தை பாட்டிலுக்குப் பாட்டில் படித்து வளர்ந்தவன் நான். ரம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குவது என்றே நினைத்திருந்தேன். இதை ராவாக, மெதுவாக, வாயிலேயே வைத்திருக்கத் தோன்றியது.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், அவர் பேசும் பிரெஞ்சு வழிவந்த கிரியோல் மொழியில் எனக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டே சொல். ஒரு பழத்தை எடுத்துச் சிறு கத்தியால் தோலைச் சீவி, அந்தச் சீவலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் ஊடுருவியது, தோலின் எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அப்புறம் வேண்டுமென்றே தடிமனாக ஒன்று சீவி, உள்பக்க வெள்ளையை நகத்தால் தட்டி, முகத்தைச் சுளித்தார். அந்த வெள்ளை உள்ளே போனால் ஜாடியே கசந்துவிடும். மொழியே தேவைப்படவில்லை.

இதைத்தான் வாங்கிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரும் ஒரு பழைய சோடா பாட்டிலில் நிரப்பித் தரத் தயார். ஆனால் விமானத்தில் பெட்டிக்குள் வைக்கும் சரக்கு, கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். என் மனைவி அதை நினைவுபடுத்தினாள். அவள் சட்டம் பேசினால் வழக்கறிஞர்கூட எழுந்து நிற்பார். சோடா பாட்டில் அங்கேயே நின்றது.

சரி, கடைப் பாட்டில்தான் என்றால் ஷமரேல் ரம் ஆலைக்குப் போவோம் என்று கிளம்பினோம். தீவின் தென்மேற்கு மலையில் இருக்கிறது. பஸ்ஸில் போகலாம், இரண்டு மூன்று மாற வேண்டும், சாயங்காலம் சீக்கிரமே பஸ் நின்றுவிடும். அங்கே செய்த பெரிய தப்பு டாக்ஸி பிடித்ததுதான். போக வர 2,500 மொரீஷியஸ் ரூபாய் என்று பேசினோம். அவர்கள் ரூபாய் ஒன்றுக்கு நம் காசு கிட்டத்தட்ட இரண்டு ரூபாய், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் நல்ல பேச்சுக்காரர். நல்ல பேச்சுக்காரர் என்றாலே நான் உஷாராகியிருக்க வேண்டும். வழியில் கேட்காமலேயே ஒரு கப்பல் பொம்மைக் கடையில் நிறுத்தினார். மரத்தில் இழைத்த பாய்மரக் கப்பல்கள், அந்த ஊரின் பேர்போன கைவேலை, அழகுதான். விலையைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டோம். முக்கால் மணி நேரம் போனது. திரும்பி வந்ததும் 'காத்திருந்த கட்டணம்' சேர்த்து 3,500 கேட்டார். எங்கே காத்திருந்தீர்கள், அந்தக் கப்பல் கடையிலா என்று கேட்டேன். கால் மணி நேரம் தெருவில் சண்டை. கடைசியில் 3,000. அந்த 500 ரூபாய்க்கு எத்தனை டால் பூரி (அந்த ஊர்ப் பருப்புப் போளி) வாங்கியிருக்கலாம்!

பணம் எண்ணிக் கொடுத்தபோதுதான் நோட்டைக் கவனித்தேன். மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று தெரியும். 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகமே தமிழ் வம்சாவளி அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசனுடையது. 1998இல் புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர்கள் போராடி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்களாம். ஏமாந்த காசும் தமிழில் அச்சடித்த காசுதான் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆலை விஷயத்துக்கு வருகிறேன். ஷமரேலில் ரம் வடிப்பது நேராகக் கரும்புச் சாற்றிலிருந்து. அந்தச் சாற்றுக்கு அங்கே 'ஃபாங்கூரின்' என்று பெயர். நாம் குடிக்கும் ரம் பெரும்பாலும் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸில் வடிப்பது. மொலாசஸைத் தொட்டியில் வைத்து வருஷம் முழுக்க வடிக்கலாம். சாறு அப்படி இல்லை, வெட்டிய கரும்பைச் சீக்கிரம் பிழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். அதனால் அறுவடை மாதங்களில்தான் ஆலைக்கு உயிர். நாங்கள் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. சுவைக்கத் தந்த வெள்ளை ரம்மில் கரும்புத் தோகையின் பச்சை வாசம் அப்படியே இருந்தது, பொங்கலன்று கட்டைக் கரும்பைப் பல்லால் உரிக்கும்போது வருமே, அது. மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மண்ணெண்ணெயில் புல் போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். அவளுக்குக் கமலா ஆரஞ்சு லிக்யூர், அதாவது இனிப்பு சேர்த்த சரக்கு, பிடித்தது. ஆக, அதில் ஒன்று, வெள்ளை ரம்மில் ஒன்று.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் அந்த வனிலா பாட்டில் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு முழு வனிலா காய், கருநாகம் மாதிரி சுருண்டு கிடந்தது. பாட்டிலைச் சாய்த்தால் அடியிலிருந்து மிளகுப் பொடி போல விதைகள் எழுந்து சுழன்று படிகின்றன. நான் கவிழ்ந்தது அங்கேதான். வனிலா பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு மயக்கம் உண்டு. அது ஆர்க்கிட் கொடி, பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841இல் கண்டுபிடித்தது ரெயூனியனில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுப் பையன். இன்றும் தோட்டங்களில் அவன் காட்டிய வழிதான். இத்தனையும் நினைத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். கடைக்காரர் ஆல்பியஸைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்.

மூன்று பாட்டில், தலா 700 மில்லி, மொத்தம் 2.1 லிட்டர். இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு வரியில்லாமல் 2 லிட்டர்தான். "உங்க நூறு மில்லிக்கு நான் சாராயக்காரி ஆகணுமா?" என்று கேட்டபடி மனைவி ஒரு பாட்டிலைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மும்பையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விமான நிலையக் கடையில் வாங்கிக் கையில் கொண்டுவந்த பாட்டில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் போகாமல் போகலாம். சுங்கம் தாண்டியதும் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்து மறுபடி கொடுத்துவிடுவது நல்லது. நான் அவசரத்தில் அதை லுங்கியில் சுருட்டிப் படுக்கப் போட்டேன். மரத் தக்கை போட்ட பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது, ஸ்பிரிட் தக்கையை அரிக்கும் என்பது சென்னையில் பெட்டியைத் திறந்த பிறகு கற்ற பாடம். ஒரு கட்டிங் அளவு லுங்கி குடித்திருந்தது.

நேற்று ஞாயிறு, சித்தப்பா வந்தார். 22 வருஷம் ராணுவத்தில் இருந்தவர், லடாக் குளிரைப் பார்த்தவர், எங்கள் குடும்பத்துக்கே கேன்டீன் ரம்மை அறிமுகப்படுத்திய பெருமை அவருடையது. வனிலா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள என்னடா, முருங்கைக்காயா?" என்றார். குடிக்கவில்லை. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தார். ஸ்பிரிட் பறந்ததும் விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்துக் காட்டினார். பிசுபிசுவென்று ஒட்டியது.

"பாத்தியா, சக்கரை. வாசனைக்கு வாசனைத் தைலம். இது ரம் இல்ல தம்பி, ரம்முக்கு பவுடர் பூசி பொண்ணு பாக்கக் கூட்டிட்டு வந்திருக்கான்."

குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காய் வெறும் காட்சிக்கு. நாக்கில் நின்றது கல்யாண வீட்டு ஐஸ்கிரீம். ஷமரேல் வெள்ளை ரம்மையும் உள்ளங்கையில் தேய்த்தார். ஒட்டவே இல்லை, கரும்பு வாசம் மட்டும் நின்றது. "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. கமலா ஆரஞ்சு பாட்டில் ஒட்டத்தான் செய்தது. ஆனால் அது லிக்யூர், இனிப்பு சேர்ந்ததுதான் என்று பெயரிலேயே ஒத்துக்கொண்ட சரக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. ஐஸ் போட்டுக் குடித்தோம், இருமல் மருந்து மாதிரி இருந்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது.

சித்தப்பா எழுந்து போய் வெந்நீர் வைத்தார். எவர்சில்வர் டம்ளரில் ஒரு பங்கு லிக்யூர், இரண்டு பங்கு வெந்நீர், அரை மூடி எலுமிச்சை. குளிர்ப் பிரதேசத்தில் அப்படித்தான் குடிப்பார்களாம். சென்னை வேர்வையில் வெந்நீரில் ரம்மா என்று சிரித்தேன். ஆவி மூக்கில் பட்டதும் சிரிப்பு நின்றது. மாஹேபூர் ஜன்னலில் அந்த அம்மா தோல் சீவிய வாசம் அப்படியே வந்தது. எலுமிச்சை இனிப்பை அடக்கிவிட்டது. இரண்டாவது டம்ளர் மனைவி கேட்டாள். அதை நான் எழுதக் கூடாதாம்.

இன்று காலை வெள்ளை ரம் பாதியை ஒரு ஜாடியில் ஊற்றி, கமலாப் பழத்தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சீவிப் போட்டேன். ஒரு பட்டைத் துண்டு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, அந்த வனிலா பாட்டிலிலிருந்து குச்சி விட்டு இழுத்த காய். கொடுத்த காசுக்கு அதாவது மிஞ்சட்டும். மூன்று மாதம் ஆக வேண்டும். அம்மா மாங்காய் ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிடாமல் இருக்க, 'மருந்து' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு: இந்தியர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். டால் பூரி என்பது வெல்லம் போடாத பருப்புப் போளி, ஜோடியாக மடித்து, அவரைக் குழம்பும் 'ருகாய்' என்ற தக்காளித் தொக்கும் மிளகாயும் தடவி காகிதத்தில் சுற்றித் தருவார்கள். இரண்டு ஜோடியில் மதியம் முடிந்தது. 'காட்டோ பிமான்' என்று கேட்டால் நம் மசால் வடை வரும், கொஞ்சம் குட்டியாக. மாஹேபூர் சந்தை திங்கட்கிழமை, தவறவிடாதீர்கள். டாக்ஸிக்காரரிடம் காத்திருப்புக் கட்டணமும் சேர்த்து முன்னாலேயே பேசுங்கள், கப்பல் கடை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். விமானக் கட்டண விவரம் இருந்த சீட்டும் அந்த லுங்கிக்குள்தான் இருந்தது, மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.