ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

மார்ச் 4, காரைக்குடி

ஸ்டைரீன் என்ற திரவத்தில் ஆக்சிஜனை ஏற்றி அசிட்டோபினோன் ஆக்குவது பல்லேடியம் என்ற உலோகத்தின் வேலை. அதைப் பிடித்து 1-பீனைல்எத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்றுவது என்சைமின் வேலை. அந்த ஆல்கஹாலுக்கு வலக்கை, இடக்கை போல உள்ள இரண்டு வடிவங்களில் என்சைம் ஒன்றை மட்டும்தான் தரும். இரண்டு வேலையும் ஒரே குடுவையில் நடந்தால் நடுவில் எதையும் பிரித்தெடுக்க வேண்டாம். இன்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். மாலை ஜி.சி.யில் (கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவி) பார்த்தால் அசிட்டோபினோன் அப்படியே நிற்கிறது. ஆல்கஹால் துளிகூட இல்லை.

மார்ச் 5

காரணம் தாமிரம். என்சைமை மட்டும் தனியாக எடுத்து தாமிரக் குளோரைடு சேர்த்துப் பார்த்தேன், செத்துவிட்டது. ஆனால் தாமிரத்தை விடவும் முடியாது. வேலை முடிந்து சோர்ந்த பல்லேடியத்தை மீண்டும் எழுப்புவது அதுதான், தாமிரத்தை எழுப்புவது ஆக்சிஜன். எத்திலீனை அசிட்டால்டிஹைடாக்க 1959ல் வெளியான வாக்கர் முறையின் அழகே இந்தச் சங்கிலிதான். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போட்டுத் தாமிரத்தைக் கட்டிவிடலாமே என்றான் பக்கத்து மேசை நண்பன். எங்கள் என்சைம் லாக்டோபேசிலஸ் பிரெவிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது, மக்னீசியம் இல்லாமல் அது நிற்காது. ஈ.டி.டி.ஏ. அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

இரவு சாப்பிடும்போது அப்பத்தாவிடம் புலம்பினேன். "ஒண்ணா ஒத்துப்போகலையா? வேறு வச்சுரு ராசா" என்றாள். எங்கள் வளவில், அதாவது கூட்டுக் குடும்ப வீட்டில், கல்யாணமான மகனுக்குத் தனி அறை, தனி அடுப்பு. வாசல் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. சோற்றில் கைவைத்தபடியே உட்கார்ந்துவிட்டேன். ஜெர்மனியின் பீலஃபெல்டில் கிரோகர் குழு 2015ல் செய்தது அதேதான்: பல்லேடியத்தையும் தாமிரத்தையும் சிலிக்கோன் உறைக்குள் வைத்து, என்சைமை வெளியே விட்டார்கள். அசிட்டோபினோன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள சிறு மூலக்கூறுகள் சுவரைக் கடக்கும். உலோக அயனியும் என்சைமும் கடக்காது.

மார்ச் 11

முதல் உறை வீண். வார்க்கும்போது குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைக்காமல் அவசரப்பட்டேன். ஒரு மணி நேரத்தில் வெளித் தண்ணீரில் லேசான நீலம். தாமிரம் கசிந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது, அது ஒரு நிம்மதி.

மார்ச் 14

இரண்டாவது உறை. இரவு முழுக்க வெற்றிடம், அப்புறம் அடுப்பில் பதம். உள்ளே ஸ்டைரீன், பல்லேடியம், தாமிரம். வெளியே அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கரைசல், என்சைம், அது ஹைட்ரஜன் வாங்கிக்கொள்ள ஐசோபுரோபனால். மாலைவரை தண்ணீர் நிறமே மாறவில்லை.

மார்ச் 15

கருவியில் அந்த இரண்டு கை வடிவங்களையும் பிரித்துக் காட்டும் கைரல் குழாயில் (column) ஒரே ஒரு பெரிய சிகரம், ஆர் எனப்படும் வடிவம். மற்ற வடிவமான எஸ் வர வேண்டிய நிமிடத்தில் கோடு தரையோடு கிடந்தது. மாதிரியை மூன்று முறை ஊசியால் செலுத்திப் பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. ஸ்டைரீன் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உறைக்குள் ஆக்சிஜன் போதவில்லை என்று நினைக்கிறேன், திங்கட்கிழமை பலூனில் நிரப்பிவிட வேண்டும்.

சேதி சொன்னதும் அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "சுவரு கசியலையே?"

கசியவில்லை அப்பத்தா.